49ஆம் நாள்

கார்த்திகை முதல் தேதி காலையில் தமிழ்நாட்டு ஊர்களில் ஒரு பெயர் மாற்றம் நடக்கிறது. நேற்று வரை மணியாகவும் முருகேசனாகவும் டிரைவர் செல்வமாகவும் இருந்தவர்கள் விடிந்ததும் 'சாமி' ஆகிவிடுகிறார்கள். கழுத்தில் துளசி மணி, இடுப்பில் கருப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம். மேஸ்திரியும் சாமி என்கிறார், மனைவியும் சாமி என்கிறாள். கறிக்கடையில் கூட்டம் குறைகிறது. டாஸ்மாக் வாசலில் சில பழகிய முகங்களைக் காணோம்.

குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் இந்த மாலைக்கு வேறொரு அர்த்தமும் உண்டு. ஆண்டு முழுவதும் எண்ணிக் காத்திருந்து பெறும் நாட்கள் இவை. கூலி முழுசாக வீட்டுக்கு வருகிறது. ராத்திரி கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பிள்ளைகள் பதறி எழுவதில்லை. சபரிமலை மரபில் விரதம் 41 நாள். நம் ஊர்களில் பலருக்கு ஒரு மண்டலம் என்றால் 48. அதற்கு அடுத்த நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

49ஆம் நாள் மாலை கழுத்தில் இருக்காது. இருட்டியதும் பழைய பார், பழைய செட், பழைய குவாட்டர். மலையிலிருந்து வீடு வந்து சேரும் வரைகூடச் சிலருக்குப் பொறுப்பதில்லை. எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. மாலை போட்டதையே சாக்காக வைத்துக் குடியை அடியோடு விட்டவர்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் போல் பல மடங்கு ஆட்கள் 48 நாள் யோகியாகவும் மீதி 317 நாள் குடிகாரராகவும் வாழ்ந்து முடிக்கிறார்கள். ரமலான் நோன்பிலும் தவக்காலத்திலும் மட்டும் குடியைத் தொடாதவர்கள் வீட்டிலும் இதே கதைதான். விரத நாட்களில் வேலை செய்த ஏதோ ஒன்று மறுநாள் எங்கே போகிறது?

'நினைச்சா விட்டுடுவேன்'

குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள் சலிக்கச் சலிக்கக் கேட்கும் வாக்கியம் இது. மாலை போட்டுப் பழகியவரிடம் இதற்குச் சாட்சியும் தயாராக இருக்கும்: 'வருஷா வருஷம் 48 நாள் விடுறேனே, என்னைப் போய் குடிநோயாளிங்கறீங்க!' வீட்டார் அதையே திருப்பிப் போட்டுக் கேட்பார்கள்: 'சாமிக்குப் பயந்து விட முடியுது, பொண்டாட்டி புள்ளைக்காக விட முடியலையா? அப்போ திமிருதானே?'

இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகிறது. குடிநோயாளியால் நிறுத்த முடியும். அவர் தன் வாழ்நாளில் நூறு தடவை நிறுத்தியிருப்பார். நிறுத்தியபடியே இருப்பதுதான் அவரால் ஆகாத காரியம். தொட்டுவிட்டால் அளவோடு எழுந்து வருவதும் ஆகாது. விரதம் இந்த இரண்டையும் சோதிப்பதே இல்லை. அதற்குத் தேதி குறித்திருக்கிறது. தேதி குறித்த எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம். 46ஆம் நாள் நாக்கு ஊறினால், 'இன்னும் ரெண்டு நாள்தானே' என்று மனசைச் சமாதானப்படுத்தலாம். அந்தச் சமாதானத்துக்குள்ளேயே 49ஆம் நாளுக்கான ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிடுகிறது.

அதனால், பக்தர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் விரதம் சிலருடைய குடியைக் காப்பாற்றவும் செய்கிறது. 'எனக்குக் கட்டுப்பாடு இருக்கு' என்ற நம்பிக்கைக்கு அது வருடாந்தரச் சான்றிதழ்.

ஆக்ரனில் ஒரு டெலிபோன்

இதற்கு நேர் எதிரான ஒரு வழி 1935 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. ஒஹாயோ மாநிலத்தில், டயர் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஆக்ரன் நகரம். மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்ற 39 வயது ஆள் நடை போட்டுக்கொண்டிருந்தார். வால் ஸ்ட்ரீட்டில் பங்குகளை அலசிக் காசு பார்த்தவர், குடியால் எல்லாவற்றையும் தொலைத்தவர். குடியை விட்டு 5 மாதம் ஆகியிருந்தது. ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்க நியூயார்க்கிலிருந்து வந்த வேலை தோற்றுப்போயிருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், அருகே ஊர் சர்ச்சுகளின் பட்டியல்.

அவர் போனை எடுத்தார். பாதிரியாரிடம் அவர் கேட்டது பிரார்த்தனை இல்லை. விட முடியாமல் தவிக்கும் குடிகாரர் ஒருவர் இந்த ஊரில் இருந்தால் அவரோடு நான் பேச வேண்டும் என்றார்.

இப்படி ஒரு ஆசை வரக் காரணம் இருந்தது. முந்தைய டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் படுத்திருந்தபோது பில்லுக்கு ஒரு அனுபவம் நேர்ந்தது: அறை முழுக்க வெளிச்சம், மலை உச்சியில் காற்று வீசுவது போல ஒரு விடுதலை. அதன் பிறகு அவர் குடிக்கவே இல்லை. அப்போது அவருக்குப் பெல்லடோனா என்ற மூலிகைச் சரக்கு கொடுத்திருந்தார்கள். அந்த மயக்கத்தில் வந்த பிரமைதான் அது என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவாகவும் இருக்கட்டும். நமக்கு வேண்டிய செய்தி அடுத்தது. குணமான வேகத்தில் அவர் நியூயார்க் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய்த் தான் கண்ட ஒளியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. பிரசங்கத்தை நிறுத்தும்படி அவருடைய மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த்தே சொன்னார்: இந்த நோய் எப்படி ஆளை முடிக்கும் என்பதை முதலில் சொல்லுங்கள், சாமி விஷயம் பிறகு வரட்டும். ஆனாலும் மற்றக் குடிகாரர்களோடு பேசிப் பேசியே அந்த ஐந்து மாதமும் ஒருவர் குடிக்கவில்லை: பில்.

ஆக்ரனில் அவருக்குக் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். மே 12, அன்னையர் தினம். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர் 6 மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். கவனிக்க வேண்டிய ஒன்று: பாப் ஏற்கனவே பக்திமான். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்க்கொண்டிருந்தார். ஜெபம் செய்தார், பைபிள் படித்தார், குடித்தார். பில்லிடமிருந்து அவருக்குக் கிடைத்தது புதிய கடவுள் இல்லை. தன்னைப் போலவே விழுந்து கிடந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, தன் கதையைச் சொன்னார். அவ்வளவுதான்.

அதன் பிறகும் பாப் ஒரு தடவை விழுந்தார். மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் நிதானம் இழக்கும் வரை குடித்துத் திரும்பினார். ஜூன் 10ஆம் தேதி அவர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், கையோ நடுங்குகிறது. நடுக்கம் அடங்க பில்தான் ஒரு பாட்டில் பீர் கொடுத்தார். அதுவே பாப் குடித்த கடைசி மது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., இன்றும் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். பீர் பாட்டிலோடு தீட்சை கொடுத்த குரு பரம்பரை வேறு எதுவும் உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

பில்லுக்கு வந்த ஒளி பாப்புக்கு வரவே இல்லை. முதல் இரண்டரை ஆண்டுகள் குடிக்கும் ஆசை தன்னை விட்டு அகலவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆசையைத் தாங்கிக் கடந்துதான், 1950இல் இறக்கும் வரை 15 ஆண்டுகள் அவர் குடிக்காமல் இருந்தார்.

சாமிகளின் சகவாசம்

ஏ.ஏ.யின் 12 படிகள் 1939இல் புத்தகமாக வந்தன. குடியின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது முதல் படி. 'நினைச்சா விட்டுடுவேன்' என்ற வாக்கியத்தின் கழுத்தில்தான் அது முதலில் கை வைக்கிறது. நம்மினும் மேலான ஒரு சக்தியிடம் ஒப்படைப்பது, செய்த தீங்குகளைக் கணக்கெடுப்பது, அதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது, கடைசியாக வேறொரு குடிநோயாளிக்கு உதவுவது என்று மற்றவை போகின்றன. காலக்கெடு எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்ற சத்தியமும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளைக்கு நாளை பார்க்கலாம் என்பதே ஏற்பாடு. 49ஆம் நாள் என்ற ஒன்று அந்தக் காலண்டரில் கிடையாது.

இப்போது மாலை போட்ட 48 நாளைத் திரும்பிப் பாருங்கள். விடியற்காலை எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல். சாயங்காலம் பஜனை. குருசாமி என்று ஒருவர். தவறினால் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். குடிக்கும் நேரமான ஏழு மணிக்குப் போக வேறொரு இடம், அங்கே குடிக்காத ஒரு கூட்டம். அன்னதானத்தில் பரிமாறும் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் அவரைப் பார்க்கும் பார்வை. 'குடிகாரப் பய' என்றிருந்தவரை எதிரே வருகிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பல ஆண்டுகளில் அவருக்குக் கிடைக்கும் முதல் மரியாதை அது. மாலையைக் கழற்றும்போது கழன்று விழுவது துளசி மணி மட்டும் இல்லை; குருசாமி, பஜனை, கூட்டம், மரியாதை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. ஏழு மணி மட்டும் மறுநாளும் தவறாமல் வருகிறது. அய்யப்பன் கைவிட்டுவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சாமிமார்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆராய்ச்சியும் ஏறத்தாழ இதையே காட்டுகிறது. ஏ.ஏ. வெறும் நம்பிக்கைச் சமாசாரம், ஆதாரம் போதாது என்று மருத்துவ உலகம் வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தது. 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்புக்காக 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தார்கள். ஏ.ஏ.யில் இணைக்கும் முறையான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு குடியை முற்றிலும் தவிர்த்திருந்தவர்கள் 42 சதவீதம்; அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் 35 சதவீதம். பிரமாதமான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் படித்த நிபுணர்கள் காசு வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை. இன்னொரு பக்கம், நிபுணர் சேர்த்துவிட்ட பிறகு, முன்னாள் குடிகாரர்கள் சும்மா கூடிப் பேசுவது. அப்படிப் பார்த்தால் 7 சதவீதப் புள்ளி பெரிது.

இது எப்படி வேலை செய்கிறது என்று கெல்லி தனியாகவும் ஆராய்ந்தார். பெரும்பங்கு சகவாச மாற்றத்துக்கே: குடிக்கும் நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடுவது, குடிக்கத் தூண்டும் சந்தர்ப்பங்களில் தாக்குப்பிடிப்போம் என்ற தன்னம்பிக்கை வளர்வது. ஆன்மிகமும் ஒரு பங்கு வகிக்கிறது. நோய் மிக முற்றியவர்களிடம் அந்தப் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. நஷ்டப்பட எதுவும் பாக்கி இல்லாதவருக்குத் தன்னைவிடப் பெரிய ஒன்று அதிகம் தேவைப்படுகிறது போலும்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை அடுத்தடுத்துப் படித்தால் இந்த விஷயம் அங்கேயும் இருக்கிறது. ஒன்று, குடித்திருப்பவனுக்குக் காரணம் சொல்லித் திருத்தப் பார்ப்பது வீண் வேலை என்கிறது. அடுத்தது, தான் குடிக்காத நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கும்போதாவது தன் நிலை அவனுக்கு உறைக்காதா என்று கேட்கிறது. பிரசங்கம் தோற்கும் இடத்தில் இன்னொருவர் கண்ணாடியாகிறார் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். உரையாசிரியர்கள் ஏ.ஏ. கூட்டத்தைப் பார்த்ததில்லை, பாவம்.

கருப்புச் சட்டைக்காரர் என்ன செய்வார்?

12 படிகளில் ஆறு, கடவுளையோ மேலான சக்தியையோ குறிப்பிடுகின்றன. கடவுள் இல்லை என்பவர்கள் ஏ.ஏ.வுக்குள்ளேயே ஆரம்பத்திலிருந்து சண்டை போட்டார்கள். ஜிம் பர்வெல் போன்றவர்களின் பிடிவாதத்தால்தான் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்ற சலுகை படிகளில் ஏறியது. அந்தக் கூட்டத்தையே தன்னினும் மேலான சக்தியாக வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நாத்திகர்கள் இன்றும் உண்டு. அதெல்லாம் சுற்றிவளைப்பு, இது மதம்தான் என்று சொன்னவர்களில் நீதிபதிகளும் அடக்கம்: நாத்திகக் கைதியை ஏ.ஏ. பாணித் திட்டத்துக்குப் போகும்படி சிறை கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1996இல் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஸ்மார்ட் ரிகவரி என்ற, கடவுள் பேச்சே இல்லாத அமைப்பு அமெரிக்காவில் தொடங்கிவிட்டது.

நமக்கு இதில் பெரிய சங்கடம் இருக்கக் கூடாது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும். கள் இறக்கக் கூடாது என்று பெரியார் தன் தோப்பின் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். குடிக்கு எதிரான வைராக்கியம் கோயில் சொத்து என்று இந்த மண்ணில் யாரும் உரிமை கொண்டாட முடியாது. நம்பிக்கை உள்ளவருக்குச் சாமி ஒரு கைப்பிடி. இல்லாதவருக்கு மற்ற மூன்றும் போதும்: ஆள், இடம், தினம் செய்ய ஒரு வேலை.

மாலைக்கு முன் மருத்துவர்

பக்தியால் ஆகாத காரியம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் நல்ல நாள் பார்த்து ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. வருடக்கணக்காக மது மூளையை மந்தப்படுத்தியபடி இருக்க, மூளை அதற்கு ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிவைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணில் தெரியும். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆனால் சாமி வந்துவிட்டது என்றோ, சாமி குத்தம் என்றோ வீட்டில் நினைத்துக்கொள்வது இயல்பு. உயிரே போகக்கூடிய நிலை அது. மருத்துவமனையில் சில நாள் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் கடந்துவிடலாம். அதற்குப் பிறகு எந்தச் சாமிக்கு மாலை போட்டாலும் நல்லது.

இன்னொன்று: குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாம்பாரில், காபியில் கலந்து கொடுக்கும் 'குடியை நிறுத்தும் மருந்து'. டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இதயம் படபடக்கும்; சிலருக்கு உயிராபத்து. நோயாளி சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அது. ரகசியமாகக் கொடுக்கச் சொல்லும் ஆளிடமிருந்து, அவர் காவி கட்டியிருந்தாலும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். மருந்தோடு ஆலோசனையும், நோயாளிக்கு மட்டுமல்லாமல் மனைவிக்கும் குடும்பத்துக்கும் தனியாக வகுப்பும் என்று அங்கே ஒரு முறை உருவானது. ஊருக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை தரும் வழக்கமும் வந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும், எய்ம்ஸ் நடத்தி மத்திய அரசு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. பாக்கி 37 பேரில் எத்தனை பேர் கோயில் கோயிலாகக் கயிறு கட்டிக்கொண்டு அலைகிறார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை.

சத்தியம் உடைந்தால்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர் மறுபடி குடித்துவிட்டால் இரண்டு பாரம் சேர்ந்து ஏறுகிறது: குடித்த குற்றமும், சாமிக்குத் துரோகம் செய்த குற்றமும். இரண்டையும் மறக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ஒரு நாள் சறுக்கல் மூன்று மாதக் குடியாக நீள்வது இப்படித்தான்.

தாய்லாந்தின் சராபுரி மாகாணத்தில் தம் கிராபோக் என்ற புத்த மடாலயம் போதைக்கு வைத்தியம் செய்வதில் உலகப் புகழ் பெற்றது. மூலிகைக் கஷாயம் கொடுத்து ஐந்து நாள் வாந்தி எடுக்க வைக்கிறார்கள். அதற்கு முன் புத்தர் சந்நிதியில் சத்தியம். அந்தச் சிகிச்சை ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான். சத்தியத்தை உடைத்துவிட்டு மறுபடி வந்தால் இடமில்லை. அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது, மறுக்க முடியாது. சிலருக்கு அந்தக் கடுமையே பிடிமானமாகவும் இருக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப விழுவது இந்த நோயின் சுபாவம். சர்க்கரை ஏறிய நோயாளியை எந்த மருத்துவரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை.

ஆக்ரனில் டாக்டர் பாப்போடு சேர்ந்து ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைக் கவனித்தவர் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி. குடிகாரர்களை மருத்துவமனைகள் சேர்க்காத காலம் அது. 1939இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் ஆளை அவர் உள்ளே விட்டது, வயிற்றுக் கோளாறு என்று எழுதித்தான். குணமாகிப் போகிறவர் கையில் அவர் இயேசுவின் திருஇருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். நிபந்தனை ஒன்றே ஒன்று: குடிக்கப் போவதாக இருந்தால், முதல் மடக்குக்கு முன் இதை என்னிடம் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குடிக்காதே என்று அவர் சொல்லவில்லை, குடித்தால் நரகம் என்றும் சொல்லவில்லை. ஆசைக்கும் கிளாஸுக்கும் நடுவில் ஒரு மனிதர் முகத்தை வைத்தார்.

நம் குருசாமிகளால் இது முடியாதா? மாலையை வாங்கி வைக்கும்போது, 'பங்குனி வரைக்கும் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்துட்டுப் போ சாமி, குடிக்கணும்னு தோணுச்சுன்னா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு' என்று சொல்ல எந்த ஆகமமும் தடையில்லை. வீட்டாரும் பிரசாதத்தைப் பங்கு வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், அந்த வாரமே அவரை எங்காவது அழைத்துப் போகலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது 1957இல். தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்களே போடும் காசுதான், வெளியாரின் நன்கொடையை வாங்குவதில்லை. முழுப்பெயர், சாதி, வேலை, மதம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும். நேற்று குடித்திருந்தாலும் உள்ளே போகலாம்.